வலப்பக்க வீதிக்குப் பழகுதல்: வெளிநாடு செல்லும் திருகோணமலைச் சாரதிகளுக்கு

உவர்மலை ஏற்றத்திலும் நிலாவெளி வீதியிலும் ஓட்டிப் பழகிய கைகளுக்கு வீதியின் இடப்பக்கம் யோசித்துத் தெரிவு செய்யும் பக்கமன்று. அது உடம்பில் ஊறிய வழக்கம். கட்டாருக்கோ கனடாவுக்கோ பிரான்சுக்கோ சென்று வலப்பக்கம் ஓட்டத் தொடங்குபவருக்கு, புதிய முறையைக் கற்பதைக் காட்டிலும் இந்த வழக்கத்தை அடக்கி வைப்பதே கடினம்.

முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது, சாரதியின் ஆசனம் எப்போதும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கமாக இருக்க வேண்டும் என்பதாகும். இங்கே நடுக்கோடு நமது வலத்தோளுக்கு அருகே இருக்கும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் மாறுவதால் இடத்தோளுக்கு அருகே வரும். மோட்டார் சைக்கிளில் இந்த அடையாளமும் இல்லாதபடியால் இருமடங்கு கவனம் தேவை. கிளட்ச், பிரேக், அக்சிலரேட்டர் ஆகியவற்றின் வரிசை மாறாது. கியர் மட்டும் வலக்கைக்கு வரும். நமது ஜப்பானிய வாகனங்களில் வலப்புறமுள்ள சிக்னல் தண்டு அங்கே இடப்புறம் இருப்பதால், சில நாட்களுக்கு சிக்னலுக்குப் பதிலாக வைப்பரே ஓடும். பழைய இடத்திலேயே அமர உடம்பு விரும்புவதால் வாகனம் வலப்புற ஓரத்தை நோக்கி ஒதுங்கும். வலக் கண்ணாடியை அடிக்கடி பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

சந்திகளில்தான் பிழைகள் மிகுதி. அனுராதபுரச் சந்தியில் இடப்பக்கம் திரும்புவது குறுகிய திருப்பம். அங்கோ அதுவே எதிரே வரும் வாகனங்களைக் கடந்து செல்லும் அகன்ற திருப்பமாகிவிடுகிறது. "வலம் குறுகியது, இடம் அகன்றது" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்புவது எனக்கு மிகவும் உதவியது. சுற்றுவட்டத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். தோஹாவில் இடப்புறமிருந்து, அதாவது ஏற்கெனவே வட்டத்துள் சுற்றிவரும் வாகனங்களுக்கே முன்னுரிமை. ஒன்ராறியோவில் சிவப்பு விளக்கிலும், தடைப் பலகை இல்லாதவிடத்து, முழுமையாக நிறுத்திய பின் வலப்பக்கம் திரும்பலாம்; மொன்றியல் தீவில் அது அனுமதிக்கப்படுவதில்லை.

நெரிசலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் முன்னே செல்லும் வாகனமே வழிகாட்டும். அஞ்ச வேண்டியது வெறும் வீதியைத்தான். தோஹாவில் இரண்டாவது மாதம், விடியுமுன் எரிபொருள் நிலையத்திலிருந்து வெளியேறிய நான், கண்ணுக்கு ஒரு வாகனமும் தெரியாத நிலையில், சிறிதும் சந்தேகமின்றி இடப்பக்கத்தைப் பிடித்தேன். நேரெதிரே ஒரு லொறியின் வெளிச்சம் வந்தபோதே உணர்ந்து ஒதுங்கினேன். ஆகவே நிறுத்துமிடத்தையோ எரிபொருள் நிலையத்தையோ விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று, செல்ல வேண்டிய பக்கத்தை உறுதிசெய்த பின்னரே நகருங்கள். நடந்து வீதியைக் கடக்கும்போதும் முதலில் இடப்புறம் பாருங்கள்.

விடுமுறையில் ஊர் திரும்பும்போது இதே சிக்கல் தலைகீழாக வரும். கட்டுநாயக்கவில் இறங்கிய களைப்போடு, யானைகள் குறுக்கிடும் ஹபரணை, கந்தளாய் வழியே இரவில் நீங்களே ஓட்டி வர வேண்டாம். அந்தப் பயணத்தை ஊரிலுள்ள ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாட் காலையில் நிலாவெளி வீதியில் மெதுவாகத் தொடங்குங்கள்.