மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் முன்: முதல் நாவலில் விடக்கூடாத பிழைகள்

இந்த வருடம் மட்டும் மூன்று நாவல்கள் வாசிப்புக்காக என் கைக்கு வந்தன. ஒன்று உப்புவெளியில் இருந்து, ஒன்று மூதூரில் இருந்து, மற்றது திருகோணமலை நகரத்துக்குள்ளேயே ஒரு தங்கச்சி எழுதியது. மூன்றும் முதல் நாவல்கள். மூவரும் சொந்தக் காசில் அச்சிடப் போகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதனால் வாசிக்க வாசிக்க மனம் பதறியது. நான் விட்ட அதே பிழைகள், சில இடங்களில் அதே ஒழுங்கிலேயே வந்துகொண்டிருந்தன.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, பந்தி பிரிப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒரு நல்ல தமிழ் வாத்தியார் பார்த்துத் தருவார். அவர் கண்ணிலும் படாமல் தப்பிப் போகிறவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூரியன் எந்தப் பக்கம்?

உப்புவெளிக் கரையில் காதலர் இருவர் இருந்து, சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கிறார்கள். அழகான வசனங்கள். எழுதியவர் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் நம்முடைய திறந்த கடல் கிழக்கே கிடக்கிறது. அங்கே சூரியன் எழும்பும், இறங்காது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ பின்னேரம் கடலைப் பார்த்து இருந்தால், சூரியன் முதுகுப் பக்கமாகப் பனைகளுக்கு அப்பால் போய் மறையும். முன்னால் கடல் மெல்ல மெல்ல ஈய நிறமாகும். தண்ணீருக்கு மேல் சூரியன் சாய்வதுதான் வேண்டுமென்றால், உங்கள் காதலர்களை உட்துறைமுகப் பக்கம் கூட்டிப் போங்கள்.

தினமும் பார்த்த கடலை இவர் ஏன் இப்படி எழுதினார்? எழுத உட்காரும்போது கண் பார்த்தது பின்னால் போய்விடுகிறது. படத்தில் பார்த்ததும் வாசித்ததும் முன்னால் வந்து நிற்கிறது. என் முதல் சிறுகதையில் தை மாதத்தில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசியது. தையில் நமக்கு வடகிழக்கில் இருந்து வருகிற வாடைக்காற்று. சோளகக் காலத்தில்தான் நம் பக்கக் கடல் அமைதியாகக் கிடக்கும். மேற்குக் கரை மீனவர்கள் இங்கே வந்து வாடி, அதாவது தற்காலிகக் குடிசை, போடுவதும் அப்போதுதான். காற்றின் பெயரைப் பிழையாக எழுதினால் அந்த மாதத்தின் மீனும் பிழைக்கும், கடற்கரையில் நிற்கிற ஆட்களும் பிழைப்பார்கள். ஒரு காட்சியை எழுதி முடித்ததும் அதே மாதம், அதே நேரம் அந்த இடத்தில் போய் நில்லுங்கள். பஸ்ஸில் போய்வரக் கூடிய தூரம்தான்.

முடிவு தெரியாவிட்டால் சுனாமி

வேண்டாம். 2004 மார்கழி 26இல் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள் உங்கள் நாவலை வாசிப்பார்கள்.

விழாவுக்குத் தேதி வைத்துவிட்டு எழுதுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2013 தை மாதம் என் முதல் நாவலின் வரைவை முடித்தேன். அப்பாவின் நினைவு நாள் சித்திரையில் வரும். அன்றைக்கே வெளியீடு என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மண்டபத்துக்கு முற்பணம் கட்டினேன். தலைமை தாங்க ஒருவர் சம்மதித்தார், நயவுரைக்கு இருவர் கிடைத்தார்கள், முதற்பிரதி வாங்குகிறவர் யார் என்பதும் முடிவாகி அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு எதைத் திருத்தினாலும் நாட்களை எண்ணிக்கொண்டுதான் திருத்தினேன்.

நாவலின் நடுவில் ஒரு இரவு வருகிறது. கிண்ணியாவில் இருந்து ஒரு தாய், காய்ச்சல் முற்றிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். என் வரைவில் அது 2011இல் நடந்தது. அச்சுக்குப் போக 16 நாள் இருக்கும்போது ஒரு நண்பர், "இதைப் போர்க்காலத்தில் வைத்தால் இன்னும் அழுத்தமாக இருக்குமே" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. 1998க்கு மாற்றினேன். கைத்தொலைபேசியை எடுத்தேன், சோதனைச் சாவடிகளை வைத்தேன், குப்பி விளக்கை ஏற்றினேன், மருந்தின் விலையைக் குறைத்தேன், ஓட்டோக்காரர் பேசுகிற விதத்தைக்கூட மாற்றினேன். பாலத்தை மறந்துபோனேன்.

கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். 396 மீற்றர் நீளம். அதற்கு முன் அந்த இடத்தில் பாதைதான் ஓடியது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்கள் தெருவென்று நினைத்துக்கொள்ளக்கூடும், அதனால் சொல்கிறேன். சின்ன வயதில் அந்தப் பாதைக்காகக் காத்து நின்று கால் கடுத்தவன் நான். ஆனால் வேலைக்காக மூன்று வருடமாகத் தினமும் பாலத்தால் போய்வந்துகொண்டிருந்தேன். எழுதும்போது பாலம் எப்போதும் அங்கே இருந்ததுபோல வந்துவிட்டது. 1998ஆம் ஆண்டு இரவொன்றில் என் கதையின் தாய், இல்லாத பாலத்தில் ஓட்டோவில் ஏறிப் போனாள்.

வரைவை இரண்டு மாதம் மூடி வைத்திருந்தால் நானே பிடித்திருப்பேன். கிண்ணியாவில் யாராவது ஒருவருக்கு வாசிக்கக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். இரண்டுக்கும் நேரம் இருக்கவில்லை. நேரத்தை விழுங்கியது அந்த அழைப்பிதழ்.

விழா நன்றாக நடந்தது. 500 பிரதி அடித்திருந்தேன். அன்று 170 போனது. மூன்றாம் நாள் கிண்ணியாவில் இருந்து ஒரு பெரியவர் வீடு தேடி வந்தார். முஸ்லிம் பெரியவர்களை அழைக்கிற மாதிரி, அண்ணன் என்ற பொருளில் காக்கா என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"தம்பி, இந்தப் புள்ள எந்தப் பாலத்தால போச்சு?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எங்கட உம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு நாள் ராவு கடுமையாயிட்டு. அந்த நேரத்துக்குப் பாதை ஏது? கரையில வச்சுக்கிட்டு விடியுமட்டும் இருந்தம்."

அவர் போன பிறகு நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுத வேண்டியிருந்த காட்சி அதுதான். ஒரு பக்கம் தண்ணீர், அக்கரையில் ஆஸ்பத்திரி, மடியில் நெருப்பாகக் கொதிக்கிற பிள்ளை, விடிய இன்னும் எத்தனையோ மணித்தியாலம். அந்தக் காத்திருப்பு இல்லாமல் 1998க்குப் போனதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் அவளைப் பத்து வரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் அடுத்த நாலு அத்தியாயமும் நடக்கின்றன. பிழைதிருத்தத் துண்டு அடித்து ஒட்டிச் சரிசெய்யக் கூடிய பிழை இல்லை இது. மனைவியின் காப்பை அடகு வைத்த காசில் வந்த புத்தகம். மிச்சம் 330 பிரதியையும் விற்க மனம் வரவில்லை. அந்த இரவைக் கடந்து வந்தவர்களின் கையில் அதைக் கொடுத்துக் காசு வாங்க என்னால் முடியாது.

இப்போது மூதூர்த் தம்பியிடம் "அச்சு எப்போது?" என்று கேட்டேன். "ஆவணியில் விழா அண்ணா, மண்டபம் சொல்லியாச்சு" என்கிறார். கடைசி இரண்டு அத்தியாயமும் இன்னும் எழுதப்படவில்லை. நகரத்துத் தங்கச்சியும் பிறந்தநாளைக் குறித்து வைத்திருக்கிறார். கேட்டதும் எனக்கு வந்த எரிச்சல் அவர்கள் மேல் அல்ல. சொந்தமாக வெளியிடுகிற எங்களுக்கு "இன்னும் ஆகவில்லை, வை" என்று சொல்ல ஒரு பதிப்பாளர் இல்லை. அந்த வேலையையும் நாங்கள்தான் செய்ய வேண்டும். மாறாக, முதல் ஆளாக நாங்களே அவசரப்படுகிறோம்.

அந்த நாவலுக்குப் பிறகு நான் இப்படிச் செய்கிறேன். வரைவை முடித்ததும் மூன்று மாதம் தொடுவதில்லை. ஒரு கொப்பியில் காட்சிக்கு ஒரு வரி வீதம் எழுதுகிறேன்: எந்த வருடம், எந்த மாதம், பகலா இரவா, எதில் போனார்கள், எவ்வளவு நேரம் பிடித்தது, என்ன வெளிச்சம், செய்தி எப்படி வந்து சேர்ந்தது. வருடத்தை மாற்றினால் அந்தக் கொப்பியின் ஒவ்வொரு வரியையும் திரும்பப் பார்க்க வேண்டும், விதிவிலக்கே கிடையாது. பிறகு டிஜிட்டலில் ஐந்தே ஐந்து பிரதி எடுத்து வாசிக்கக் கொடுக்கிறேன். பிரதிக்குக் காசு கூடத்தான் போகும். ஒப்செட்டில் பிரதி கூடக்கூட ஒன்றின் விலை இறங்கும் என்பது உண்மை. அந்தக் கணக்குத்தான் என்னையும் 500க்கு இழுத்தது. கட்டிலுக்குக் கீழே கிடக்கிற 330 பிரதியை அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். கிண்டிலில் தமிழ் மின்னூல் போட்டால் பிழையைத் திருத்திப் புதுக் கோப்பை ஏற்றிவிடலாம். தாளில் வந்ததை அப்படித் திருப்பி எடுக்க முடியாது. அந்த ஐந்து பிரதியும் திரும்பி வந்து, திருத்தி, முழு நாவலையும் வாய்விட்டு ஒரு தடவை வாசித்த பிறகுதான் மண்டபத்துக்குப் போன் எடுக்க வேண்டும்.

பெயரை ஒரே சொடுக்கில் மாற்றுவது

மணி என்ற பாத்திரத்தை ராசன் ஆக்க நினைத்து, வேர்ட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால், சுவரில் மாட்டிய மணிக்கூடு "ராசன்க்கூடு" ஆகும். தாய் பிள்ளையைக் "கண்ராசன்" என்று கொஞ்சுவாள். மணிக்கு என்பது ராசனுக்கு என்று வராது, "ராசன்க்கு" என்று நிற்கும். தமிழில் பெயர் வேற்றுமை உருபோடு ஒட்டிக்கொண்டு நடக்கும்; ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிறகு யுனிகோட்டுக்கு மாற்றுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கௌரி என்ற பெயரில் இருக்கிற ஔகாரக் குறி, சில இடங்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால் அகப்படாது. உங்கள் கௌரி பாதி நாவலில் பழைய பெயரோடேயே உலாவுவாள்.

எல்லோருக்கும் ஒரே வாய்

உப்புவெளி நாவலில் சம்பூர்க் கிழவியும் கிண்ணியா மீன் வியாபாரியும் நகரத்து வங்கி ஊழியரும் ஒரே மாதிரிக் கதைக்கிறார்கள், அதுவும் யாழ்ப்பாணத்துப் பேச்சில். நம் மாவட்டத்தில் குடாவைக் கடந்தாலே பேச்சு மாறும். எல்லாச் சொல்லையும் பேசுகிறபடியே எழுதச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் வாசிக்கிறவர் களைத்துப்போவார். உம்மா, வாப்பா, அம்மம்மா, பெத்தா என்று யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதும், வசனம் எந்தச் சொல்லில் முடிகிறது என்பதும் சரியாக இருந்தால் மிச்சத்தை வாசகர் காதால் நிரப்பிக்கொள்வார். மூதூர்ச் சந்தையில் ஒரு காலைப் பொழுது சும்மா நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

சேகரித்ததையெல்லாம் கொட்டுவது

மூதூர்த் தம்பியின் நாவல் 1942 சித்திரை 9இல் தொடங்குகிறது. அன்று காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே நாள் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தார்கள். தம்பி நிறைய வாசித்திருக்கிறார், உழைப்பு தெரிகிறது. ஆனால் முதல் ஆறு பக்கமும் விமானங்களின் வகையும் கப்பலின் கதையுமாகவே போகின்றன. கதைநாயகி பத்து வயதுச் சிறுமி. அவளுக்கு ஹெர்மிஸ் என்ற பெயர் தெரியாது. அடுப்பில் வைத்தது வைத்தபடி இருக்க அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதும், திரும்பி வந்தபோது கோழிகள் எங்கே என்று தேடியதும்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கோழிகளைப் பற்றித் தம்பி நாலாவது அத்தியாயத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

வாழ்த்துரைகள்

இரண்டு போதும்.

ஐஎஸ்பிஎன்

புத்தகத்துக்கான இந்தச் சர்வதேச அடையாள எண்ணை அச்சுக்கு முன்பே எடுங்கள். கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. அடித்த புத்தகத்தில் பிறகு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

வாசிக்க யாரிடம் கொடுப்பது

நண்பர்களிடம் கொடுத்தால் "அருமை" என்பார்கள். எழுத்தாளர்களிடம் கொடுத்தால் அவர்கள் எழுதியிருக்கக் கூடிய நாவலைச் சொல்லித் தருவார்கள். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் பாலம் அவர்கள் கண்ணில் படாது. கதை நடக்கிற இடத்தில், கதை நடக்கிற காலத்தில் வாழ்ந்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் நாவலே வாசித்திராதவராக இருந்தாலும் பரவாயில்லை. வாசித்துக் காட்டுங்கள்.

அந்த நாவலை நான் திரும்ப எழுதினேன். தாய் இப்போது கரையில் காத்திருக்கிறாள், விடிந்ததும் முதல் பாதையில் ஏறுகிறாள். கையெழுத்துப் பிரதியைக் கிண்ணியாக் காக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று கிழமை வைத்திருந்து, பென்சிலால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். பாதை வருகிற பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: "மனிசரை மட்டும் ஏத்தி இருக்கிறீங்க. ஆடும் ஏறும் தம்பி."

ஏற்றினேன்.