சிநேகிதிகளுக்குள் ஒரு சீட்டு

"கட்டாயம் சந்திக்க வேணும்டி" என்று சொல்லிச் சொல்லியே எனக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கும் நாலு வருடம் ஓடிவிட்டது. இத்தனைக்கும் ஒருத்தியைத் தவிர எல்லோரும் திருகோணமலையில்தான், ஒருத்தி உவர்மலை, ஒருத்தி உப்புவெளி, நான் டவுனுக்குள். கல்யாணம், பிள்ளைகளின் ரியூஷன், மாமியின் கிளினிக் என்று ஓடுகிற வீட்டில் சிநேகிதிக்குக் கடைசி இடம்தான் கிடைக்கும்.

ஆகவே முதலில் ஒரு திகதி வேண்டும். எங்களுக்கு அதைத் தந்தது சீட்டு. ஆறு பேர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபா, முதல் ஞாயிறு பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் மான்கள் நிற்கும் மரத்தடியில் துண்டு குலுக்குவோம், யார் பெயர் வருகிறதோ அவளுக்கு 30,000. (ஒருமுறை ஒரு துண்டை மான் தின்றுவிட்டது, திரும்ப எழுதினோம்.) ஆறு மாதத்தில் சுற்று முடிந்ததும் உடனே அடுத்ததைத் தொடங்குங்கள், இடைவெளி விட்டால் போச்சு. காசைக் கையில்தான் கொண்டுவர வேண்டும், வங்கியில் போட விடாதீர்கள். "சும்மா கதைக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும், "சீட்டுக்குப் போகிறேன்" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

தொகையை மட்டும் கவனியுங்கள். கையில் காசு குறைந்தவளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். நாங்கள் ஒரு சுற்றில் ஆளுக்கு மாதம் 10,000 வைத்தோம், ஒருத்தி கட்ட முடியாமல், சொல்லவும் வெட்கப்பட்டு, இரண்டு மாதம் எங்கள் கோலையே எடுக்கவில்லை. நான் வேறு "ஏமாத்திப்போட்டாள்" என்று வாயை விட்டுவிட்டேன், அது அவள் காதுக்கும் போய்விட்டது. அப்புறம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றுதான் சரிக்கட்டினேன். இப்படியான மன்னிப்பை வொய்ஸ் மெசேஜில் கேட்காதீர்கள்.

ரொறொன்ரோவில் இருப்பவளுக்கும் ஒரு நேரம் குறியுங்கள். இங்கே காலை 7 மணி என்றால் மார்கழியில் அங்கே முந்தின இரவு 8.30, கோடையில் 9.30. நான் மீன் வெட்டிக்கொண்டும் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டும் கதைப்போம், முகம்கூடத் தெரியாது, கத்தியும் பைப் தண்ணீரும்தான் தெரியும்.

செத்தவீட்டுக்கு எல்லோரும்தான் வருவார்கள். உப்புவெளிக்காரியின் அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போனோம், இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று நம் ஆட்கள் சொல்லும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியில் அள்ளியதை உவர்மலைக்காரி கை வைத்துப் பார்த்துப் பார்த்து, பதமாக இருந்ததை மட்டும் அவள் கையில் கொடுத்தாள். ஆனால் வீடு வெறிச்சோடுவது அடுத்த நாள்தான், அன்றைக்குப் போங்கள். "ஏதும் வேணுமெண்டா சொல்லு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் சொல்ல மாட்டார்கள், சமைத்துக்கொண்டே போங்கள். நாங்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனோம். பாதி சாப்பிட்டவள் தலையை நிமிர்த்தி, "இந்த மாசச் சீட்டு ஆருக்கு விழுந்தது?" என்று கேட்டாள்.