கடிக்கிற வெள்ளைப் பூனைக்கு வீடு கிடைத்தது இப்படித்தான்

வேலூரில் நான் உதவிக்குப் போகும் காப்பகத்தில் நீலக் கண் வெள்ளைப் பூனை ஒன்று இருந்தது. அழகைப் பார்த்து ஆசையாகக் கொண்டுபோவார்கள். தொட்டால் சீறிக் கடிக்கிறது, ராத்திரி முழுக்கக் கத்துகிறது என்று திரும்பி வந்துவிடும்.

கருத்தடை ஏற்கெனவே ஆகியிருந்தது. தீனியை மாற்றினோம், தனிக் கூண்டில் வைத்தோம். மருத்துவர் வலி ஏதும் இல்லை என்றார். எதுவும் வேலைக்காகவில்லை.

ஒருநாள் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. மற்ற பூனைகள் மூலைக்கு ஓட, இது மட்டும் குறட்டை விட்டுத் தூங்கியது. பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினேன்; காதுமடல்கூட அசையவில்லை. செவிடு! இரண்டு கண்ணும் நீலமான வெள்ளைப் பூனைகளில் பாதிக்கும் மேல் பிறவிச் செவிடுதான். பின்னாலிருந்து கை பட்டால் திடுக்கிட்டுக் கடிக்கிறது. தன் குரல் தனக்கே கேட்காததால் அந்தக் கத்தல்.

அப்புறம் முன்பக்கமாக மட்டுமே போனோம். தூங்கும்போது எழுப்ப, படுத்திருக்கும் பலகையைத் தட்டினோம். சிமெண்டுத் தரையில் காலை உதைத்தால் அதிர்வு போய்ச் சேராது, பலகைதான் சரி. கடிப்பது நின்றது.

விளம்பரத்தில் ‘செவிடு, வெளியே விடக்கூடாது’ என்றே எழுதினேன். சத்துவாச்சாரியில் மாடிவீட்டு அம்மா ஒருவர் வந்தார்.

“கடிக்குமா தம்பி?”

“முன்னாடி வந்து தொட்டா கடிக்காதுங்கம்மா.”

பால்கனிக்கு வலை அடித்த பிறகே கொடுத்தேன். இதுவரை திரும்பி வரவில்லை.