சூப்பில் காசும் ருசியும் வீணாகிற இடங்கள்

மார்கழி, தை மாதங்களில் காய்க்கடையில் பச்சைப் பட்டாணி மலைபோல் குவிந்திருக்கும். கேரட், நூல்கோல், முட்டைகோஸ், காலிபிளவர் எல்லாம் விலை இறங்கியிருக்கும். பட்டாணி அரைக்கிலோ, கேரட் நாலு, கொஞ்சம் கோஸ் வாங்கினால் வீட்டுக்கே சூப் ஆயிற்று. ஆனால் சூப் என்றதும் பலர் கடையில் தேடுவது ஸ்வீட் கார்ன், காளான், புரோக்கோலி. ஓட்டலில் குடித்த ருசி நாக்கில் நிற்கிறது, அதனால்தான். அதையெல்லாம் வாங்குகிற காசில் சாம்பார், பொரியலோடு ஒரு வேளைச் சமையலையே முடித்திருக்கலாம். இத்தனைக்கும் வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத் தண்ணீரைத்தான் 'மல்லிகடானி' என்று பேர் மாற்றிச் சூப்பாக்கிக்கொண்டு போனார்கள்!

இதற்கு நேரெதிரான தவறு, ஃப்ரிட்ஜில் மிச்சம் கிடப்பதையெல்லாம் கொட்டுவது. பீட்ரூட் ஒரு துண்டு விழுந்தால் போதும், மற்ற காய்களின் நிறம் போச்சு. கத்தரிக்காய் சூப்பைக் கறுக்க வைக்கும். பாகற்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று காய் போதும்: இனிப்புக்குக் கேரட் அல்லது பட்டாணி, சூப்பின் பதத்துக்குச் சுரைக்காய் அல்லது சௌசௌ, மணத்துக்கு ஒரு கீரையோ முருங்கைக்காயோ. நாலு பேருக்கு 300 கிராம் காய், 4 டம்ளர் தண்ணீர் என்பது என் கணக்கு.

காசை உண்மையில் மிச்சம் பிடிக்கிற இடம் வேறு. பட்டாணி உரித்ததும் தோலைக் கூட்டிக் குப்பையில் போடுகிறோமே, அங்கேதான். அந்தத் தோலில் நல்ல இனிப்பு இருக்கிறது. இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கொத்தமல்லித் தண்டு, கேரட் முனை எல்லாவற்றையும் சேர்த்து 20 நிமிடம் மிதமான தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இளம்பச்சையாக, பட்டாணி வாசத்தோடு இறங்கும் அந்தத் தண்ணீரில் சூப் வைத்தால் கடையில் விற்கும் சூப் கட்டி எதற்கு? ஆனால் தோலையே அரைத்துச் சேர்க்காதீர்கள். சத்து வீணாகக் கூடாதென்று ஒருமுறை அரைத்து ஊற்றிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பல்லில் நார் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது அவசரம். எல்லாவற்றையும் குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் வேலை முடிந்ததென்று நினைப்பு. கோஸ், காலிபிளவர், நூல்கோல் மூன்றும் அதிகம் வெந்தால் கந்தக வாடை கிளம்பும். சாப்பிட உட்காரும் முன்பே வீடு முழுக்கத் தெரியும். கீரை காக்கி நிறமாகிவிடும். முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வெங்காயத்தையும் பூண்டையும் சின்னத் தீயில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை இழுப்பதால் எண்ணெய் குறைவாகவே பிடிக்கும். பிறகு கேரட் மாதிரி கெட்டிக் காய்கள். அவை வெந்தபிறகு கோஸ், கடைசியில் கீரை. இந்த இரண்டுக்கும் பாத்திரத்தை மூட வேண்டாம்.

தக்காளியை எப்போது போடுவது? கெட்டிக் காய் வெந்தபிறகுதான். புளிப்பு இருந்தால் காயும் பருப்பும் சீக்கிரம் குழையாது. 'இந்த உருளைக்கிழங்கு வேகவே மாட்டேங்குது' என்று புலம்பும்போது முதலிலேயே தக்காளி விழுந்ததா என்று பாருங்கள். தக்காளி சூப்பில் பால் ஊற்றித் திரிந்துபோவதற்கும் அதே புளிப்புதான் காரணம். எனக்குத் தக்காளிக்குப் பால் தேவையே இல்லை என்று தோன்றும்.

சோள மாவு இல்லாமல் சூப் கெட்டியாகாது என்று யார் சொன்னது? அதை நேராகக் கொதிக்கும் சூப்பில் தூவிக் கட்டி தட்டவைப்பது ஒரு தவறு. ஆறிய தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். நிறையக் கரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைக் காயோடு வேகவைத்து மசித்தாலே பதம் வந்துவிடும். சோறு வடிக்கிற வீடென்றால் ஒரு டம்ளர் கஞ்சி. குக்கர் சாதமா? சரி, ஒரு கைப்பிடிச் சோற்றைக் காயோடு அரைத்துவிடுங்கள். உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் ஓட்டாமல் கரண்டியால் மசிப்பது நல்லது. அதிகம் அரைபட்டால் பிசினாக இழுக்கும்.

மிக்ஸி என்றதும் நினைவு வருகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடியை அழுத்திச் சுற்றினேன் ஒருநாள். ஆவி மூடியைத் தூக்கி எறிந்து, கேரட் சூப் கடிகாரம் வரைக்கும் போனது. கையில் படாமல் தப்பியது அதிர்ஷ்டம். நன்றாக ஆறவிட்டு, முதலில் காயை மட்டும் வடித்தெடுத்து அரைத்து, பிறகு தண்ணீரோடு கலந்தால் போதும்.

உப்பை முதலிலேயே முழுதாகப் போட்டுவிட்டால், தண்ணீர் சுண்டச் சுண்டக் கரிக்கும். இறக்கும்போது சரிபாருங்கள். மிளகும் சீரகமும் அப்போதுதான், அதுவும் அந்த நேரத்தில் தட்டியது. பொடியாக டப்பாவில் மாதக்கணக்கில் இருந்த மிளகில் காரம் இருக்கும், மணம் இருக்காது.

மீந்தால் முழுப் பாத்திரத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் காலை ரவை உப்புமாவுக்குத் தண்ணீருக்குப் பதில் இதுதான் போகும். உப்பு மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.