எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள்

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 19 வருடமாக ஐரோப்பியக் காடிகளைப் பழுது பார்க்கிறேன். பழைய காடியை வாங்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். "அண்ணே, போன மாசந்தான் எடுத்தேன்" என்று சொல்லும்போதே அவர்கள் முகம் வாடியிருக்கும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் நானே ஏமாந்தேன். கிள்ளானில் ஒருவரிடம் ஜெர்மன் செடான் ஒன்றைப் பார்க்கப் போனேன். பானட்டில் கை வைத்தால் சுட்டது. "இப்பதான் தம்பி, கழுவிட்டு வந்தேன்" என்றார். நம்பிப் பணம் கட்டினேன். மறுநாள் காலை வீட்டு வாசலில் சாவியைத் திருப்பியதும் கறகறவென்று டைமிங் செயின் (எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) சத்தம். சூடான எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் சங்கிலியை இறுக்கிப் பிடித்திருந்ததால் முதல் நாள் அது காதில் விழவில்லை. மூன்று மாதச் சம்பளம் அதிலேயே கரைந்தது.

அதனால் முந்தின நாள் மாலையே போன் போட்டு, "காலையில் எட்டு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். ஜில்லென்று இருந்தால் ரேடியோ, ஏர்கான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முன்பக்கம் நின்று கேளுங்கள். முதல் சில விநாடி கறகறப்பு இருந்தால் அது செயின் வேலை. அப்புறம் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு தடவை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். பின்னால் நீலப்புகை வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. இ90 தலைமுறை பிஎம்டபிள்யூ 320ஐ-யில் இருக்கும் என்46 எஞ்சினுக்கு இது தெரிந்த வியாதி.

மாடல் பெயரைவிட எஞ்சின் பெயரைத் தெரிந்துகொள்வது முக்கியம். பிஎம்டபிள்யூவில் இ90-க்கு அடுத்து வந்த எஃப்30 320ஐ, 328ஐ என்றால் ஆரம்ப வருடங்களில் என்20 எஞ்சின். அதில் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டிகள் நொறுங்கும். 2015 தொடக்கத்தில்தான் பாகத்தை மாற்றினார்கள். முகமாற்றத்துக்கு (ஃபேஸ்லிஃப்ட்) பின் வந்த பி48 எனக்கு நிம்மதி தரும் எஞ்சின். மெர்சிடிஸ் டபிள்யூ204 சி200-இல் எம்271. அங்கேயும் செயின் நீளும், கேம் பல்சக்கரம் தேயும். ஆவ்டி ஏ4 பி8-இல் இரண்டாம் தலைமுறை இஏ888 என்றால் எண்ணெய் குடிக்கும். பிஎம்டபிள்யூ 330இ ஹைப்ரிட் விலை கவர்ச்சியாக இருக்கும். உயர்மின்னழுத்த பேட்டரியைத் தனியாகச் சோதிக்காமல் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், சர்வீஸ் கணக்கு வைத்து ஓட்டிய ஒருவரிடமிருந்து வரும் என்52 எஞ்சின் இ90 325ஐ-யை இன்றும் தைரியமாக எடுக்கச் சொல்வேன். டர்போ இல்லாத ஆறு சிலிண்டர். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், மின்சார வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றிய பில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

நம் ஊர் வெயிலும் ஜாமும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான் முதலில் தின்னும். இ90-இன் மீட்டரில் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள்ளே கிடையாது. காடியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பார்க்கலாம். ஸ்கேனர் உள்ள போர்மேன் (மெக்கானிக்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை ஜாமில் ஏர்கான் போட்டபடி அரைமணி நேரம் ஊர்ந்து பாருங்கள். இன்னொரு நாள் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறுங்கள். கியர் மாறும்போது உதைத்தால் அங்கே தெரிந்துவிடும். அதே ஸ்கேனரில் மைலேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். பிஎம்டபிள்யூவில் மீட்டரைத் தவிர வேறு மாட்யூலிலும் கிலோமீட்டர் பதிவாகும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காடி வேண்டாம்.

கூரை திறக்கும் காடி என்றால் இன்னும் பொறுமை வேண்டும். இங்கே கூரைக்கு எதிரி மாலை மழை. கூரை மடங்கும் பள்ளத்தில் விழும் தண்ணீர் சிறு குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். பங்சாரில் அங்சானா மரத்தடியில் நிறுத்தி வைத்திருந்த இரண்டு இருக்கைக் காடி ஒன்று எங்களிடம் வந்தது. குழாய் முழுக்க மஞ்சள் பூவும் சருகும். பூட் கம்பளத்தைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டியது. கூரை பாதியில் நின்றுவிட்டது, அன்று மழை வேறு. உரிமையாளர் பெண் எங்கள் வாசலில் நின்று அழுதார். பூ அடைத்ததைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்; நனைந்த மோட்டாருக்கு ஆயிரக்கணக்கில் செலவு.

2003 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4 இ85-இல் கூரையின் ஹைட்ராலிக் மோட்டார் பின்பக்க மூலையில், தண்ணீர் தேங்கும் இடத்திலேயே இருக்கிறது. அதனால் கூரையைத் திறந்து, பாட்டிலில் இருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, காடிக்கு அடியில் வழிகிறதா என்று குனிந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது மூன்று தடவை திறந்து மூடுங்கள். மூன்றாவது தடவை இழுத்துக்கொண்டு போனால் பம்ப் களைத்துவிட்டது. மெர்சிடிஸ் எஸ்எல்கே ஆர்171 போன்ற உலோகக் கூரையில் சிலிண்டர்களைச் சுற்றி எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெள்ளம் இன்னொரு பயம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மூழ்கிய காடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு தேடுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, கம்பளத்துக்கு அடியில் மண் வாசம், இரண்டில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

தாள்களில் கிராண்டை (காடியின் பதிவுச் சான்றை) பார்த்து எத்தனை பேர் கை மாறியது என்று எண்ணுங்கள். ஜப்பான் ரீகோன் (அங்கே ஓட்டி இங்கே இறக்கிய காடி) என்றால் ஏல அறிக்கையின் அசலைக் கேளுங்கள். தரத்தில் ‘ஆர்’ இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த காடி. புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் தேறியது என்பதைச் செயினுக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பார்ப்பது சாசி எண், பிரேக், விளக்கு போன்றவைதான்.

ரோட் டேக்ஸையும் முன்பே கணக்குப் போடுங்கள். தீபகற்ப மலேசியாவில் தனியார் செடானுக்கு 1,997 சிசி என்றால் வருடம் 378.50 வெள்ளி, 2,497 சிசி என்றால் 877, பிஎம்டபிள்யூ 335ஐ-யின் 2,979 சிசி என்றால் 2,077.50. காடி விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். 50,000 வெள்ளிக் காடிக்கு 10,000. அது கையில் இல்லாவிட்டால் ஒரு வருடம் காத்திருந்து வாங்குங்கள்.

எடுத்த முதல் வாரமே எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிஎம்டபிள்யூவின் பல மாடல்களுக்குக் கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.