டேப்பில் தண்ணீர் வந்துவிட்டால் லைன் ஓகே என்று அர்த்தமில்லை

காட்பாடி, சத்துவாச்சாரி, அரியூர் என்று வேலூரைச் சுற்றிப் புது வீடு கட்டுகிற பலர் மாடித் தொட்டியை நிரப்பி, எல்லா டேப்பையும் திறந்து பார்த்துவிட்டு, "லைன் ஓகே" என்று கொத்தனாரைப் பூச்சுக்கு விட்டுவிடுகிறார்கள். பைப் லைன் கசிகிறதா என்று பார்க்க இது டெஸ்டே இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தருவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ பிரஷர்தான். அப்படிப் பார்த்தால் முதல் மாடிக்கு மேலிருக்கும் தொட்டி, கீழ்வீட்டு பாத்ரூமுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் கொடுக்கும். சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) சரியாகப் பூசாத ஜாயிண்ட்கூட இதைத் தாங்கி நிற்கும். பின்னாளில் பிரஷர் பம்ப் போட்டதும் சுவருக்குள் கசிய ஆரம்பிக்கும்.

லைனில் தண்ணீரை அழுத்தி ஏற்றும் டெஸ்ட் கைப்பம்பும், பிரஷரை முள்ளால் காட்டும் கேஜும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சூடு, குளிர் இரண்டு தண்ணீருக்கும் போடுகிற சிபிவிசி பிளாஸ்டிக் லைனுக்கு 10 கிலோ வரை ஏற்றுவது வழக்கம், பைப் கம்பெனி வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. ஒட்டிய அன்றே ஏற்றாதீர்கள், ஒரு நாள் காயட்டும். சிலர் சீக்கிரம் முடியும் என்று கம்ப்ரஸர் காற்றை விடுகிறார்கள், அது ஆபத்து. அழுத்திய காற்றில் பிளாஸ்டிக் பைப் உடைந்தால் துண்டு துண்டாகச் சிதறி ஆளைக் காயப்படுத்தும், தண்ணீரில் அந்த வேகம் இருக்காது.

லைனுக்குள் காற்று தங்கினாலும் கேஜ் ஏமாற்றும். அதனால் மேலே, கடைசியில் டேப்புக்குப் பதில் அடைத்திருக்கிற டம்மி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் தண்ணீர் வந்த பிறகு இறுக்குங்கள். கீசர் பாயிண்டில் சூடு, குளிர் இரண்டு லைனையும் ஒரு ஹோஸால் இணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே டெஸ்ட் ஆகிவிடும், ஆனால் கீசரையும் மிக்ஸரையும் (சூடு, குளிர் கலக்கும் டேப்) மாட்டிவிட்டு ஏற்றக்கூடாது. கேஜ் முள் முதலில் சற்று இறங்கினால் பயப்பட வேண்டாம், பிளாஸ்டிக் பைப் லேசாக விரியும், மறுபடி ஏற்றிவிட்டுக் கவனியுங்கள். அப்புறம், பம்புக்கும் லைனுக்கும் நடுவில் உள்ள வால்வை மூட மறந்தால், பம்பின் சொந்தக் கசிவைச் சுவரில் தேடிக்கொண்டிருப்பீர்கள்!

நம் ஊர் வெயிலில் இன்னொரு சிக்கல். மொட்டைமாடிப் பைப் மதியம் சூடாகும்போது முள் தானாக ஏறும், சாயங்காலம் இறங்கும். இரண்டையும் ஒப்பிட்டு லீக் என்று சுவரை உடைப்பது வீண். காலையில் குறித்த அளவை மறுநாள் காலையில்தான் ஒப்பிட வேண்டும்.

என்னைக் கேட்டால், டைல்ஸ் ஒட்டி முடியும்வரை கேஜைக் கழற்றவே வேண்டாம். ஆணி அடிக்கும்போது பைப்பில் பட்டால் முள் அப்போதே காட்டிக்கொடுக்கும். பிளம்பர் பம்பை அடுத்த வேலைக்குக் கேட்பார்தான், வால்வை மூடிவிட்டுப் பம்பை மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.

பழைய வீட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைனில் இதே 10 கிலோவை ஏற்றினால், துரு பிடித்த மரை விட்டுவிடும். அங்கே ராத்திரி மோட்டாரை நிறுத்தி, டேப்புகளை மூடி, தொட்டியில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் குறைந்திருந்தால் அடுத்த ராத்திரி தொட்டியின் அவுட்லெட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் குறைந்தால் தொட்டியில் கோளாறு, குறையாவிட்டால் லைனிலோ பிளஷ் டேங்கிலோ. பிளஷ் டேங்கில் கொஞ்சம் சொட்டு நீலம் விட்டு அரை மணி நேரம் யாரும் பிளஷ் செய்யாமல் இருங்கள், கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் வெளியே தெரிகிற ஜாயிண்டுகளையும் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருந்தால் அங்கே ஈரம் வந்து வந்து காய்கிறது, கையால் தொட்டுக் காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.