ரேக்கில் எல்ஐயு மாட்டும்போது நடக்கும் தவறுகள்

எல்ஐயு என்பது ஃபைபர் கேபிள் வந்து முடியும் பெட்டி. உள்ளே இழைகளை ஒட்டி, முன்னால் போர்ட்டுகளாகத் தருவது; கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டமான ரேக்கில் மாட்டுவது. ஃபைபர் வேலையில் ஸ்பிளைசிங்குக்கு, அதாவது இழை ஒட்டுவதற்குக் கிடைக்கும் மரியாதை எல்ஐயு மாட்டுவதற்குக் கிடைப்பதில்லை. மெஷினை வைத்து 0.02 டிபி இழப்பில் இழைகளை ஒட்டிவிட்டு, "நாலு ஸ்க்ரூ தானே" என்று பெட்டியை உதவிக்கு வந்த பையனிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கேபிள் வரும். அதை இணைக்கப் பெட்டியை இழுத்தால், ஓடிக்கொண்டிருந்த லிங்க் இரண்டு படுத்துவிடும். நாளைக்குத் திறக்க வருபவர் தனி ஆளாக, ஓடும் இழைகள் எதையும் அசைக்காமல் திறக்க வேண்டும் என்று நினைத்து மாட்டினால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

முதலில் துளைக் கணக்கு. ரேக் தூணில் துளைகள் எல்லாம் சம இடைவெளியில் இருப்பது போலத்தான் தெரியும். உண்மையில் 15.9 மி.மீ., 15.9 மி.மீ., அப்புறம் 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். மூன்று துளை சேர்ந்தால் ஒரு யூ (ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு), அதாவது 44.45 மி.மீ. ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை, அந்தக் குறுகிய இடைவெளியின் நடுவில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் கண்ணில் பட்ட துளையில் கேஜ் நட்டை (தூணின் துளையில் செருகும் நட்டு) போட்டால் பெட்டியின் காதுத் துளை, அதாவது பக்கத்துப் பட்டையில் உள்ள துளை, நேராக வராது. ஸ்க்ரூவைச் சாய்த்து முடுக்கினால் மரை போகும். எப்படியோ உட்காரவைத்தாலும் பெட்டி இரண்டு யூவில் பாதிப்பாதியாக நிற்கும். மேலும் கீழும் இடம் வீண். தூணில் யூ எண் அச்சாகியிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் குறுகிய இடைவெளியைத் தேடி மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், இடது வலது இரண்டு பக்கமும். எம்6 நட்டில் எம்5 ஸ்க்ரூவைப் போட்டு "பிடிக்குது, விடு" என்பவர்களும் உண்டு. அது பிடிப்பது போலக் காட்டும், அவ்வளவுதான்.

பெட்டியை ஒருவர் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் ஸ்க்ரூ தேட வேண்டியதில்லை. காதில் திறந்த வெட்டு இருந்தால், கீழ் ஸ்க்ரூக்கள் இரண்டையும் பாதி முடுக்கிவிட்டுப் பெட்டியை அவற்றின் மேல் உட்காரவைக்கலாம். பிறகு மேல் ஸ்க்ரூ. ஒரே ஆள் போதும்.

அதிகம் சொதப்புவது கேபிளை எங்கே கட்டுகிறோம் என்பதில்தான். டிராயர் மாதிரி இழுக்கும் எல்ஐயுவை வாங்குகிறார்கள். ரேக்கின் பின் தூணில், கிளாண்டுக்கு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் பிடிப்பு) ஒட்டினாற்போல கேபிளை இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் டிராயர் எப்படி வெளியே வரும்? வலுவாக இழுத்தால் கேபிள் கிளாண்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து, ஒட்டிய இழைகளைச் சுற்றி வைக்கும் டிரேக்குள் இழையை இழுக்கும். செய்ய வேண்டியது இதுதான்: எதையும் கட்டுவதற்கு முன் டிராயரை முழுசாக வெளியே இழுங்கள். அந்த நிலையில் கேபிள் தொய்வாக இருக்கும்படி விட்டு, அதன் பிறகு தூணில் கட்டுங்கள். உள்ளே தள்ளும்போது உபரி நீளம் பெரிய வளைவாக மடிகிறதா என்று பின்னால் போய் ஒருமுறை பாருங்கள். கேபிளின் நடுக்கம்பியையும் அராமிட் நூலையும் பெட்டிக்குள் இருக்கும் கிளாம்பில் பிடிக்காமல், மேலுறையை மட்டும் டை போட்டு நிறுத்துவதும் இதே விபத்தில்தான் முடியும். இழுவையைத் தாங்கத்தான் அவை இருக்கின்றன. அவற்றைக் கட்டாவிட்டால் அந்த வேலை கண்ணாடி இழையின் தலையில் விழும்.

டிராயர் இல்லாத சாதாரணப் பெட்டி என்றால் ரேக்கின் அடியிலோ பக்கத்திலோ இரண்டு மூன்று மீட்டர் லூப் விடுங்கள். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்து உட்கார்ந்து ஸ்பிளைஸ் செய்யலாம். நின்றுகொண்டு, கழுத்தில் டார்ச்சை மாட்டிக்கொண்டு ஸ்பிளைஸ் செய்வதில் என்ன வீரமோ தெரியவில்லை. லூப்பின் ஆரம், கேபிள் விட்டத்தைப் போல 10 மடங்காவது இருக்கட்டும், 12 மி.மீ. கேபிளுக்கு 12 செ.மீ., அதாவது குறுக்கே 24 செ.மீ. டிரேக்குள் வெறும் இழைக்குச் சுமார் ஒரு மீட்டர் மிச்சம் வேண்டும், வழக்கமான ஜி.652 வகை இழையை 30 மி.மீ. ஆரத்துக்குக் கீழே சுற்றக் கூடாது. ஜி.657ஏ2 இழை 7.5 மி.மீ. வரை தாங்கும்தான். ஆனால் பேட்ச் கார்டு (போர்ட்டையும் கருவியையும் இணைக்கும் குட்டிக் கேபிள்) அந்த வகை என்பதற்காக, வெளியிலிருந்து வரும் கேபிளும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. நைலான் டை வேண்டாம், வெல்க்ரோ போதும். கவசம் உள்ள வெளிப்புறக் கேபிளாக இருந்தால் அந்த எஃகுத் தகட்டை எர்த் செய்யாமல் ரேக்குக்குள் கொண்டுவராதீர்கள். ஒளி இழையில் மின்சாரம் வராது, தகட்டில் வரும்.

இடம் பற்றி: காலியாக இருக்கும் யூவில் எல்ஐயுவைச் செருகுவது வழக்கமாகிவிட்டது. கேபிள் மேலிருந்து வந்தால் மேலேயும், கீழிருந்து வந்தால் கீழேயும் வைப்பதே நல்லது. அடுத்த யூவில் ஒரு கேபிள் மேனேஜர். சுவிட்சுகளுக்கு நடுவில் மாட்டினால், மஞ்சள் பேட்ச் கார்டுகள் மற்ற கருவிகளின் முகத்தில் தொங்கும். சுவிட்சைக் கழற்றும் நாளில் தெரியும் அதன் அருமை.

ஒரே யூவில் எத்தனை போர்ட் திணிக்கலாம் என்ற போட்டியிலும் எனக்கு நம்பிக்கையில்லை. எல்சி என்னும் சின்னக் கனெக்டர்கள் நெருக்கமாக நின்றுவிடும், விரல் போகாது. கேபிள்கள் தவணை தவணையாக வரப்போகும் இடத்தில் கேசட் வகையை எடுங்கள். சட்டகத்தை ஒருமுறை முடுக்கிவிட்டால் போதும், ஒவ்வொரு கேசட்டும் தனியாகக் கிளிக் என்று உட்காரும். புதுக் கேசட் போடும்போது பழையதைத் தொட வேண்டாம். ஒரே 24 கோர் கேபிளோடு நிற்கும் சின்ன அலுவலகத்துக்கு இதெல்லாம் வீண் செலவு.

பச்சைக் கனெக்டரை நீலக் கப்ளரில் (இரண்டு கனெக்டர்களை எதிரெதிரே சேர்க்கும் துண்டு) செருகாதீர்கள். பச்சையின் முனை 8 டிகிரி சாய்வு, நீலம் சாய்வில்லாதது. இரண்டும் பொருந்தாது, முனையும் கெடும். பயன்படாத போர்ட்டின் மூடியைக் கழற்ற வேண்டாம்.

கடைசியாகக் கதவு. 19 அங்குல ரேக் 1920களில் அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் பிறந்தது. பேட்ச் கார்டு வளைய முன்னால் இடம் வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கிலேயே இல்லை. கனெக்டரும் அதன் ரப்பர் வாலும் சேர்ந்து ஏறக்குறைய 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பிறகு 3 செ.மீ. வளைவு. தூணுக்கும் கதவுக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. இல்லையென்றால் கதவு கார்டை நசுக்கும். பல பெட்டிகளில் காதைக் கழற்றிப் பின்னால் தள்ளி மாட்டலாம். பெட்டி அந்த அளவுக்கு உள்ளே போகும். சோதனையை எல்லோரும் கதவு திறந்திருக்கும்போதே முடித்துவிடுகிறார்கள். எதிர்முனையில் பவர் மீட்டரை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தச் சொல்லுங்கள். 1550 நானோமீட்டரில் பாருங்கள், வளைவுச் சிக்கல் 1310-ஐவிட அதில்தான் முதலில் தெரியும். எண் இறங்கினால் காதைப் பின்னால் நகர்த்த வேண்டியதுதான்.